அறிகுறியிலிருந்து காரணத்துக்கு: உயிர்மருத்துவ வடிவமைப்புத் திட்டங்களை வழிநடத்துவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், பட்டயக் கல்வி மாணவர்களையோ ஆறாம் படிவ மாணவர்களையோ வைத்துக்கொண்டு உயிர்மருத்துவப் பொறியியலைச் செய்முறைத் திட்டங்களின் வழியாகக் கற்பிப்பவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். ஒரு மல்டிமீட்டர், நிரல் எழுதி இயக்கும் சில ஆர்டுயினோ மின்சுற்றுப் பலகைகள், இணையத்தில் வாங்கிய உணரிகள், மாணவர்களின் சொந்த மடிக்கணினிகள் ஆகியவையே கையிருப்பு என்றும், மின்னலைகளைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டி இல்லை என்றும் எடுத்துக்கொள்கிறேன். மாணவர் வந்து சொல்லும் குறையைத் தலைப்பாக வைத்து, அதன் கீழ் எதை எந்த வரிசையில் சோதிப்பது என்று கூறியிருக்கிறேன். குறை மேசைமேல் தெரிந்தாலும் அதன் வேர் பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டம் ஒன்றில்தான் இருக்கும். மென்பொருளில் தெரிவது தோலோடு உணரி சேரும் இடத்திலும், உணரியில் தெரிவது தேவையைக் கேட்டறிந்த விதத்திலும் தோன்றியிருக்கக்கூடும். ஆகவே தேடும் திசை எப்போதும் பின்னோக்கியே இருக்க வேண்டும்.

எந்தக் குறையாயினும், கருவியைத் தொடுவதற்கு முன் மாணவர் மூன்றைக் குறிப்பேட்டில் எழுதட்டும்: என்ன எதிர்பார்த்தார், என்ன தெரிகிறது, கடைசியாக எப்போது சரியாக இயங்கியது. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கம்பியையும் நிரலையும் ஒரே மூச்சில் மாற்றிய குழுவுக்குக் குறை நீங்கினாலும் பாடம் கிடைப்பதில்லை.

தொடங்கும் முன்: உடலோடு இணைந்த எதுவும் சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்கக் கூடாது

இதற்கு விதிவிலக்கு இல்லை. மடிக்கணினியைச் சார்ஜரில் போட்டபடி அதன் உலோக விளிம்பைத் தொட்டால் சில வேளைகளில் விரலில் மெல்லிய அதிர்வு தெரியும். சார்ஜருக்குள் இரைச்சலைக் குறைப்பதற்காக வைத்திருக்கும் மின்தேக்கி வழியாகக் கசியும் மின்னோட்டமே அது. காய்ந்த தோலில் அது பொருட்டில்லை. ஆனால் ஜெல் பூசிய மின்முனைகள் தோலின் தடையைக் குறைப்பதற்காகவே ஒட்டப்படுகின்றன என்பதை மறக்கக் கூடாது. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரநிலை, வழக்கமான நிலையில் நோயாளியின் உடல் வழியாகக் கசியும் மின்னோட்டம் 0.1 மில்லியாம்பியரைத் தாண்டக் கூடாது என்கிறது. இதயத்தோடு நேரடியாக இணையும் கருவிகளுக்கு அந்த வரம்பு 0.01 மில்லியாம்பியர் மட்டுமே. நம் மேசையில் இதை அளக்க வசதியில்லை. ஆகவே மடிக்கணினி பேட்டரியில் ஓட வேண்டும். சார்ஜர் மேசையிலேயே இருக்கக் கூடாது.

"அலை வருகிறது சார், ஆனால் இதயத்துடிப்பு தெரியவில்லை"

இசிஜி திட்டங்களில் முதலில் வரும் குறையும் மிக அதிகமாக வரும் குறையும் இதுதான். மார்பின் தோல்மேல் கிடைக்கும் இதயச் சைகையின் உயரம் ஏறத்தாழ ஒரு மில்லிவோல்ட் மட்டுமே. சுவருக்குள் ஓடும் கம்பிகளும் குழல் விளக்கும் மின்விசிறியும் அதைவிடப் பன்மடங்கு பெரிய இரைச்சலை உடல்மேல் ஏற்றுகின்றன. மலேசியாவில் மின்விநியோகம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அடர்த்தியான ஒரே சீரான அலையைத் திரையில் கண்டால் சந்தேகம் முதலில் அதன்மேல்தான் விழ வேண்டும்.

ஒரு நொடியில் எத்தனை முகடுகள் என்று எண்ணச் சொல்லுங்கள். ஐம்பது வந்தால் ஐயமில்லை. ஆனால் பதினான்கு வந்தாலும் அது மின்சார இரைச்சலாகவே இருக்கலாம். நிரல் நொடிக்கு 64 மாதிரிகளை மட்டுமே எடுத்தால், அதாவது சைகையை 64 முறை மட்டுமே அளந்தால், 50 ஹெர்ட்ஸ் அலை 14 ஹெர்ட்ஸ் அலையாக மாறுவேடம் போட்டுக்கொண்டு வரும். மாதிரியெடுப்பு வேகத்தைப் பற்றிய பாடத்தை வகுப்பில் எத்தனை முறை நடத்தினாலும் பதியாத மாணவருக்கு, இந்த இடத்தில் ஒரே மாலையில் பதிந்துவிடுகிறது. எனவே விடையை நீங்களே சொல்லிவிடாமல் அவரே கணக்குப் போட்டுப் பார்க்க விடுங்கள்.

அடுத்து அலையின் நடுக்கோட்டைப் பாருங்கள். இதயச் சைகையைப் பெருக்கித் தரும், பரவலாகக் கிடைக்கும் ஏடி8232 பலகை 3.3 வோல்ட்டில் ஓடுவது. அதன் வெளியீடு பாதியளவான 1.65 வோல்ட்டைச் சுற்றி அலையும். ஐந்து வோல்ட்டை 1023 ஆகக் காட்டும் ஆர்டுயினோ ஊனோவில் அது 338 என்ற எண்ணுக்கு அருகில் வரும். திரையில் பூச்சியமே நின்றால் மின் இணைப்பையோ வெளியீட்டுக் கம்பியையோ பாருங்கள். 338-இல் அசைவில்லாத நேர்க்கோடு வந்தால், பெருக்கி உயிரோடுதான் இருக்கிறது, உடலிலிருந்து சைகை மட்டும் வந்து சேரவில்லை என்று பொருள். இந்த ஒரு எண்ணை மாணவர்கள் மனத்தில் வைத்திருந்தால் பாதித் தேடல் மிச்சமாகும்.

இரைச்சல்தான் என்று உறுதியான பின் இந்த வரிசையில் செல்லுங்கள். முதலில் மூன்றாவது மின்முனை. இதயத்துக்குத் தொலைவில் இருப்பதால் அது பெயருக்குத்தான் இருக்கிறது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் உடலின் மின்னழுத்தத்தை நிலைநிறுத்தி, இரண்டு பக்கமும் பொதுவாக ஏறும் இரைச்சலை அடக்குவது அதுவே. அது தளர்ந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தும் பயனில்லை. அடுத்தது தோல். நம் ஊர் வெக்கையில் வியர்வை நிற்பதே இல்லை. காலையில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரும் மாணவர்களும் உண்டு. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, துணியால் லேசாகத் தேய்த்து, உலரவிட்டு, பிறகு ஒட்ட வேண்டும். மூன்றாவதாக, மின்முனைகளின் வயது. பொட்டலத்தைத் திறந்து பள்ளி விடுமுறை முழுவதும் அலமாரியில் வைத்திருந்தால் ஜெல் காய்ந்து போயிருக்கும்; ஒன்றைப் பிரித்து விரலால் தொட்டாலே தெரியும். நான்காவதாக, மூன்று கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கி, மின்விசிறியையும் விளக்கையும் அணைத்துப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகே மென்பொருள் வடிகட்டியைப் பற்றிப் பேச வேண்டும். மாணவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய விரும்புவார்கள். 50 ஹெர்ட்ஸை நீக்கும் நிரலை இணையத்தில் எடுத்து ஒட்டினால் திரை உடனே அழகாகிவிடுகிறது அல்லவா? தளர்ந்த மின்முனை அந்த அழகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதோடு, கூர்மையான வடிகட்டி இதய அலையின் முகட்டுக்குப் பின்னால் சிறு நெளிவுகளைத் தானே உண்டாக்கும். அவற்றை நோயின் அடையாளம் என்று எண்ணி அறிக்கையில் எழுதும் குழுக்களும் உண்டு. வடிகட்டாத பதிவை முதலில் அச்சிட்டு ஒட்டாத குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கொடுக்காமல் இருப்பது என் வழக்கம்.

அலை தலைகீழாக வந்தால் வலக்கை, இடக்கைக் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. மூச்சோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்கினால் அதைக் குறையாகவே கருத வேண்டாம். கம்பிகளை உடலோடு சேர்த்து டேப் ஒட்டினால் பெரும்பகுதி அடங்கும்.

"துடிப்பு எண்ணிக்கை தப்பாக வருகிறது"

எவ்வளவு தப்பு என்பதே விடை. மாணவர் மணிக்கட்டில் விரல் வைத்து 30 நொடிகள் எண்ணி இரண்டால் பெருக்கட்டும். ஒப்பிட வேறு கருவி தேவையில்லை. கருவி சரியாக இரண்டு மடங்கு காட்டினால், ஒவ்வொரு துடிப்பிலும் முதல் முகட்டுக்குப் பின் வரும் அகன்ற டி அலையையும் நிரல் ஒரு துடிப்பாக எண்ணுகிறது. இதயத்துடிப்பை நிரலால் கண்டறியப் பான், டாம்கின்ஸ் என்னும் ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட முறையில், ஒரு துடிப்பைக் கண்டபின் 200 மில்லிநொடிகளுக்கு அடுத்ததைத் தேடாமல் இருப்பதும், 360 மில்லிநொடிகளுக்குள் வரும் முகட்டின் சரிவை அளந்து அது டி அலையா என்று பார்ப்பதும் இதற்காகவே.

எண்ணிக்கை சற்றே விலகி, முகடுகளின் உயரமும் துடிப்புக்குத் துடிப்பு மாறினால், நிரலின் வேகத்தைச் சந்தேகிக்க வேண்டும். ஆர்டுயினோ நொடிக்கு 9600 பிட் வேகத்தில் கணினியோடு பேசும்போது, ஓர் எழுத்துக்குப் பத்து பிட் என்ற கணக்கில் நொடிக்கு 960 எழுத்துகளையே அனுப்ப முடியும். நேரம், மின்னழுத்தம், அளவு என்று வரிக்கு 15 எழுத்துகள் அச்சிட்டால், நொடிக்கு 64 வரிகள்தான் வரும். மேலே சொன்ன 64 இங்கிருந்தே பிறக்கிறது. இதய அலையின் கூர்மையான பகுதி நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீடிப்பதால், அதற்குள் ஐந்தாறு புள்ளிகள்தான் விழும். உச்சி எந்தப் புள்ளியில் அகப்படும் என்பது அதிர்ஷ்டம். வேகத்தை 115200 ஆக்கி, தேவையற்ற அச்சை நீக்கி, நொடிக்கு 250 மாதிரிகளைக் கடிகாரம் பார்த்து எடுக்கச் சொல்லுங்கள். இடையில் காத்திருக்கும் கட்டளையைப் போட்டு நேரத்தைத் தோராயமாக ஓட்டக் கூடாது.

"ஆக்சிஜன் அளவு 85-லேயே நிற்கிறது"

விரலில் வைக்கும் உணரியைக் கொண்டு செய்யும் திட்டங்களில் இந்த எண்ணைக் கண்டு யாரும் பதற வேண்டாம், மருத்துவமனைக்கு ஓடவும் வேண்டாம். 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி கண்டறிந்த முறைப்படி, சிவப்பு ஒளியிலும் அகச்சிவப்பு ஒளியிலும் நாடித்துடிப்பால் ஏற்படும் ஏற்ற இறக்கங்களின் விகிதமே ஆக்சிஜன் செறிவைத் தருகிறது. பாடநூல்களில் வரும் எளிய சூத்திரம், 110-இலிருந்து அந்த விகிதத்தின் 25 மடங்கைக் கழிப்பது. விரல் அசைந்தாலோ வெளிவெளிச்சம் புகுந்தாலோ இரண்டு ஒளியிலும் ஒரே அளவு இரைச்சல் ஏறும், விகிதம் ஒன்றாகும், விடை 85 ஆகும். சில நிரல் தொகுப்புகளில் உள்ள இருபடிச் சூத்திரம் அதே நிலையில் ஏறத்தாழ 80 காட்டும். ஆக, கருவி சொல்வது "ஆக்சிஜன் குறைவு" என்பதன்று, "எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்பதே.

சன்னலோர வெயிலை மறைத்து, கறுப்புத் துணியால் மூடி, விரலை அழுத்தாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அழுத்தினால் இரத்தமே ஓடாது. நகப்பூச்சும் தீபாவளி நேரத்து மருதாணியும் ஒளியைத் தின்னும் என்பதால் வேறு விரலை முயல வேண்டும்.

நாடி அலை தெளிவாக வந்தபின், எண்ணை நம்பலாமா என்ற கேள்வி எழும். இதில் சற்று நேரம் செலவிடுவது தகும், ஏனெனில் நம் மாணவர்களின் தோல் நிறத்தோடு இது தொடர்புடையது. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய அளவீடுகளில், தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு உண்மையில் 88-க்கும் கீழே இருந்தவை கறுப்பின நோயாளிகளிடம் 11.7 விழுக்காடும் வெள்ளையர்களிடம் 3.6 விழுக்காடும் இருந்தன. கடையில் விற்கும் மருத்துவக் கருவிகளுக்கே இந்த நிலை. அவற்றைச் சீர்ப்படுத்த, மருத்துவர் கண்காணிப்பில் தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து இரத்தத்தை நேரடியாக அளக்கிறார்கள். நம் வகுப்பில் அது இயலாது. மூச்சை அடக்கிக் காட்டச் சொல்வதும் கூடாது. ஆகவே திட்டத்தின் இலக்கை நாடி அலையைத் தெளிவாகப் பதிவு செய்வது என்று மாற்றி எழுதிக்கொள்வதே நேர்மையான தீர்வு. விதவிதமான தோல் நிறமுள்ளவர்களிடம் சைகை எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்று ஒப்பிடுவது, எங்கோ இருந்து எடுத்த சூத்திரத்தைத் திரையில் காட்டுவதைவிட நல்ல பொறியியல்.

"எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் அவர் அதைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார்"

இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்களின் பாதத்தில் அழுத்தம் அதிகமாகும் இடத்தைக் கண்டு எச்சரிக்கும் காலணி உள்தகடு, நம் பகுதி மாணவர்கள் அடிக்கடி தேர்ந்தெடுக்கும் திட்டம். காரணம் தெளிவு. 2019-ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. டயாலிசிஸ் மையத்து வேன் வந்து நிற்காத தாமான் (குடியிருப்புப் பகுதி) நம் ஊரில் அரிது. நோக்கம் நல்லது, சிக்கல் செயல்பாட்டில்.

முதலில் எளிய குறையை முடித்துவிடுவோம். அழுத்த உணரியின் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது என்றால், அது அந்த உணரியின் இயல்பு; ஒரே எடையை வைத்தே இருந்தாலும் அளவு மெல்ல நகரும். ஒரு கிலோ சீனிப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக ஏற்றியும் இறக்கியும் இரண்டு வரைகோடுகள் போட்டால், அவை ஒன்றன்மேல் ஒன்று படியாததை மாணவரே காண்பார். துல்லியமான கிலோகிராம் இதில் கிடைக்காது. கூடுகிறதா குறைகிறதா என்பதே கிடைக்கும்.

பெரிய குறை வேறு. உள்தகட்டில் ஓர் அதிர்வு மோட்டாரை வைத்து, அழுத்தம் கூடினால் பாதம் அதிர்ந்து எச்சரிக்கும் என்று குழு வடிவமைக்கிறது. ஆனால் புண் வரும் ஆபத்து அதிகமுள்ள பாதம் உணர்ச்சி மங்கிய பாதம். பத்து கிராம் விசையோடு வளையும் நைலான் இழையைப் பாதத்தில் ஊன்றி, அது தெரிகிறதா என்று தாதியர் சோதிப்பது இதற்காகத்தான். அந்த இழையை உணராதவருக்கு மோட்டாரின் அதிர்வும் தெரியாமல் போகக்கூடும். அடுத்தது, குழு யாருக்காக இதைச் செய்கிறதோ அந்தப் பாட்டி நாள் முழுவதும் காலணி அணிபவர் அல்லர். வெளியே போனால் ரப்பர் சிலிப்பர், வீட்டுக்குள்ளும் கோவிலிலும் வெறுங்கால். உள்தகட்டை எதனுள் வைப்பது?

இந்தக் குறையை மின்சுற்றில் தேடிப் பயனில்லை. தேவையைக் கேட்கப் போன நாளுக்குத் திரும்ப வேண்டும். மாணவர்கள் கேட்டிருப்பார்கள்: "பாட்டி, கால் எரியுதா?" பதில் வந்திருக்கும்: "அதெல்லாம் ஒன்னும் இல்லய்யா, நல்லாத்தான் இருக்கேன். தண்ணி குடிக்கிறியா?" வீடு தேடி வந்த பிள்ளைகளிடம் நம் பெரியவர்கள் குறை சொல்ல மாட்டார்கள், காட்டும் கருவியையும் "நல்லா இருக்குப்பா" என்றே சொல்வார்கள். ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளை விட்டுவிட்டு, "நேத்து காலையில எழுந்ததுலேர்ந்து எங்கெங்க நடந்தீங்க பாட்டி, கொஞ்சம் காட்டுங்களேன்" என்று கேட்டுப் பின்னாலேயே நடக்கச் சொல்லுங்கள். குளியலறைச் சிமெண்டுத் தரையும், துணி காயப்போடும் கொல்லைப்புறத்துச் சரளைக் கல்லும், வாசலில் கழற்றிய சிலிப்பரும் அப்போதுதான் கண்ணில் படும். செம்பனைத் தோட்டத்தில் இப்போது வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் என்பதால், குலை வெட்டுவோரின் தோள்வலி போன்ற திட்டங்களுக்கு மலாயிலும் இதே விதமாகக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் தேவைக் கூற்றை ஒரே வாக்கியமாக எழுதட்டும்: யாருக்கு, எந்தச் சிக்கல், எது மாறினால் தீர்ந்ததாகக் கொள்ளலாம். அந்த வாக்கியத்தில் உணரி, செயலி, மோட்டார் என்று எந்தக் கருவியின் பெயர் வந்தாலும் திருப்பிக் கொடுங்கள். 2001-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய, மருத்துவக் கருவி வடிவமைப்பைக் கற்பிக்கும் பயோடிசைன் பயிற்சியும், கண்டுபிடிப்பதற்கு முன் தேவையை அடையாளம் காண்பதையே முதற்கட்டமாக வைத்திருக்கிறது. நமக்கு இன்னும் நெருக்கமான சான்று 1968-இல் உருவான ஜெய்ப்பூர் கால் என்னும் செயற்கைக் கால். தரையில் சம்மணமிட்டு உட்காரவும், குந்தவும், வெறுங்காலோடு வயலில் நடக்கவும் வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்ததால்தான் அதன் பாதம் ரப்பரில் அமைந்தது. பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அந்தப் பொருளின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இப்படித் திரும்பிச் சென்ற குழு உள்தகட்டையே கைவிட்டு, உட்கார்ந்தபடி உள்ளங்காலைப் பார்க்க உதவும் விளக்கும் கண்ணாடியும் கொண்ட பலகையைச் செய்தால், "இதில் எலக்ட்ரானிக்ஸ் எங்கே?" என்று மதிப்பீட்டாளர் கேட்கலாம். மதிப்பெண் திட்டத்திலேயே தேவைக்குப் பொருந்துவதற்குத் தனிப் பங்கு ஒதுக்கியிருந்தால் அந்தக் கேள்விக்கு இடமிருக்காது.

"அச்சிட்ட பாகம் வளைந்துவிட்டது"

முப்பரிமாண அச்சுப்பொறியில் பயன்படும் பிஎல்ஏ நெகிழி இழை ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும். மதிய வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டுக்கு அது பெரிய வெப்பமன்று. வெளியே எடுத்துச் செல்லும் பாகங்களை அதைவிட வெப்பம் தாங்கும் பிஇடிஜி இழையில் அச்சிட வேண்டும். அச்சிடும்போது படபடவென்று சத்தமும் நூல் நூலாக இழுபடுவதும் இருந்தால் இழை ஈரம் குடித்திருக்கிறது. உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். அடுக்குகளின் குறுக்கே பிளந்தால் பாகத்தைப் படுக்கவைத்து அச்சிட்டுப் பாருங்கள்.

"வேலை செய்கிறது, ஏன் என்று தெரியவில்லை"

குழுவில் ஒருவரே நிரல் எழுதி மற்றவர்கள் அட்டை ஒட்டும்போது இது தெரியவரும். மதிப்பீட்டுக்கு முன் நீங்களே கருவியில் ஒரு குறையை வையுங்கள்: இரண்டு கம்பிகளை மாற்றுங்கள், அல்லது வேகத்தை 9600-க்கு இறக்குங்கள். நிரல் எழுதாத உறுப்பினர் அதைக் கண்டுபிடித்து, தேடிய வழியைச் சொல்லட்டும். அழகான படவில்லைகள் சொல்லாததை இது சொல்லிவிடும்.

"டயாலிசிஸ் மையத்தில் நோயாளிகளுக்குப் போட்டுப் பார்க்கலாமா?"

கண்காட்சியில் கைத்தட்டல் வாங்கிய வாரத்தில் இந்தக் கேள்வி வரும். விடை: கூடாது. மலேசியாவில் 2012-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிச் சட்டம், அதாவது சட்டம் 737, மருத்துவக் கருவிகளைப் பதிவு செய்தே சந்தைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது. மருத்துவக் கருவி ஆணையம் அவற்றை ஆபத்தின் அளவுப்படி நான்கு வகுப்புகளாகப் பிரித்துப் பார்க்கிறது. நோயாளிகளை ஆய்வில் சேர்ப்பதென்றால் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஒரு பருவத் திட்டத்துக்குள் இவையெல்லாம் அடங்கா. நோயாளியின் பிள்ளை குழுவில் இருக்கிறார், அவரே சம்மதிக்கிறார் என்பதும் ஒப்புதல் ஆகாது.

ஆனால் செய்யக்கூடியவை இருக்கின்றன. கருவியை அணைத்த நிலையில் தாதியர் கையில் கொடுத்து, எங்கே கழுவுவீர்கள், கையுறையோடு பொத்தானை அழுத்த முடிகிறதா, கம்பி எதில் சிக்கும் என்று கேட்கலாம். மாணவர் நினைத்தே பாராத குறைகள் அந்தக் கால் மணி நேரத்தில் கொட்டும். அவற்றை ஆபத்துப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு கடுமையானது, எவ்வளவு வாய்ப்புள்ளது என்று வரிசைப்படுத்தினால், மருத்துவக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 14971 தரநிலை கேட்கும் ஆபத்து மேலாண்மையின் தொடக்கப் பாடம் முடிந்துவிடும். கொண்டுபோகும் முன் பேட்டரியைக் கழற்றிவிட்டு, "கற்பித்தலுக்கு மட்டும், நோயறிதலுக்கு அன்று" என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிய வில்லையைப் பெட்டியின் மேல்மூடியில் ஒட்டுங்கள். அடியில் ஒட்டினால் யாரும் படிப்பதில்லை.